சக்கரத்துக்கு ஒரு சாவி

மோட்டார் காருக்கு எத்தனை சாவிகள் என்று கேட்டால், இரண்டு என்று விடை கூறுவோர்தாம் நம்முள் பெரும்பாலோர். ஒன்று சட்டைப் பையில் இருக்கும். மற்றொன்று வீட்டு அலமாரியில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் துணிக்கடியில் கிடக்கும். மூன்றாவது சாவி ஒன்றும் சில கார்களுக்கு உண்டு; அது கதவையோ இயந்திரத்தையோ திறப்பதற்கு அன்று, சக்கரத்தைக் கழற்றுவதற்கே உரியது. இவ்வுண்மையை நாங்கள் அறிந்துகொண்ட இடம், கர்நாடகத்துச் சிரா நகருக்கு அண்மையில் உள்ள நெடுஞ்சாலை ஓரம்; நேரம், இரவு ஒன்பது மணி.

2023ஆம் ஆண்டு வைகாசித் திங்கள் அது. மதுரையில் எங்கள் தமக்கையாரின் மகளுக்குத் திருமணம். தாய்மாமன் முறை எங்களுடையது. தாய்மாமன் என்பவன் பந்தியில் உண்டு எழுந்துபோகும் விருந்தினன் அல்லன் என்பதை இவ்விதழைப் படிக்கும் இல்லங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முதல் நாள் மாலை சீர்த் தட்டுகளுடன் மண்டப வாயிலில் நிற்க வேண்டும். அவன் கொண்டுவந்த பட்டை உடுத்தி, அவன் இட்ட மாலையை அணிந்துதான் பெண் சபைக்கு வருவாள். கோடை விடுமுறையில் மும்பையிலிருந்து தெற்கே செல்லும் ரயில்களில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதும் நம்மவர் அறிந்ததே. காத்திருப்போர் பட்டியலை நம்பியிராமல், காரிலேயே புறப்பட்டோம். வண்டியில் எங்கள் தாயார், இல்லத்தரசி, பத்தாம் வகுப்பு முடித்த மகன் ஆகியோர் இருந்தனர். பின்புறத்து டிக்கி நிறையச் சீர்ப் பொருள்கள்.

மும்பையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். புனே, சாத்தாரா, கோல்ஹாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, சித்திரதுர்க்கா, தும்கூர், பெங்களூர் வழியாகக் கிருஷ்ணகிரி வரையில் தேசிய நெடுஞ்சாலை 48; அங்கிருந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக 44. விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, இரவு தும்கூரில் தங்கி, மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் மதுரை சேர்ந்துவிடலாம் என்பது எங்கள் கணக்கு. சீர் ஏழு மணிக்கு. இரண்டு மணி நேரம் கையிருப்பு இருந்ததை எண்ணி நாங்கள் சற்றுப் பெருமிதமும் கொண்டிருந்தோம்.

சிராவுக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் சாலையில் கிடந்த இரும்புத் துண்டொன்று முன்பக்க இடது டயரைக் கிழித்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டி, அபாய விளக்குகளை எரியவிட்டு, முக்கோணப் பலகையைத் தொலைவில் நட்டு, தாயாரைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் அமரச் செய்தோம். பின்னர் டிக்கியைத் திறந்து, பட்டுப்புடவைப் பெட்டி, குத்துவிளக்கு, வெண்கலப் பானை, பழக் கூடை என ஒவ்வொன்றாக இறக்கி மண்ணில் வைத்தோம். எல்லாவற்றிற்கும் அடியில் அல்லவா ஸ்டெப்னி இருக்கிறது!

'ஸ்டெப்னி' என்னும் இச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்றுச் சக்கரத்துக்கு நம் நாடு முழுவதிலும் வழங்கும் இப்பெயர் ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லானெத்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டில் இத்தகைய உதவிச் சக்கரத்தை உருவாக்கி விற்றார்கள். அக்காலத்துக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன. சாலையில் டயர் வெடித்தால் அதைக் கழற்றாமலே, காற்றடைத்த ஸ்டெப்னி வளையத்தைப் பழுதான சக்கரத்தின் மேலேயே இறுக்கிக்கொண்டு வீடு சேர்ந்தார்கள். கழற்றாமலே சமாளிக்கும் அந்த வசதியின் அருமை எங்களுக்கு அன்றிரவு நன்கு விளங்கிற்று.

வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இரங்கி நின்று, தமக்குப் பழக்கமான பஞ்சர் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார். அரை மணியில் அந்த இளைஞர் இருசக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். ஜாக்கியை வைத்தார், ஸ்பானரை எடுத்தார், சக்கரத்தருகே குனிந்தவர் நிமிர்ந்து, "லாக் கீ எல்லி சார்?" என்றார். 'எல்லி' என்றால் 'எங்கே' என்று அறிந்திருந்த நாங்கள், மிக்க மகிழ்ச்சியுடன் கார்ச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தோம். அவர் சிரித்தார். செல்பேசியின் வெளிச்சத்தைச் சக்கரத்தின் மீது பாய்ச்சிக் காட்டினார்.

ஐந்து நட்டுகள் இருந்தன. நான்கு நட்டுகளின் தலை வழக்கமான அறுகோணம். ஐந்தாவதன் தலை மட்டும் உருண்டை. அதன் முகத்தில், மல்லிகை இதழ்களின் விளிம்பைப் போல வளைந்து வளைந்து ஓடும் குறுகிய பள்ளம் ஒன்று. நான்கு ஆண்டுகளாக அந்தக் காரைக் கழுவித் துடைத்து வந்தவர்கள் நாங்கள். அந்த நட்டை ஒருமுறையேனும் உற்று நோக்கியதில்லை.

இதனைப் பூட்டு நட்டு என்று சொல்லலாம். உலோகக் கலவையால் ஆன அலாய் சக்கரங்கள் விலை மிகுந்தவை. பெருநகரங்களில் இரவில் தெருவோரம் நிறுத்திய கார், காலையில் சக்கரங்கள் இன்றிச் செங்கற்களின் மீது நிற்கும் காட்சி புதிதன்று. ஆகவே சில நிறுவனங்கள் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பூட்டு நட்டுகளைக் காருடனே தருகின்றன. வேறு சிலர் கடையில் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர். சாதாரண ஸ்பானர் அந்த உருண்டைத் தலையைப் பற்றாது. அதன் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் எதிர்வடிவம் பொறித்த சிறு இரும்புக் குமிழ் ஒன்று உண்டு. கட்டைவிரல் பருமனும் அதன் நீளமுமே அதற்கு இருக்கும். அதை நட்டின் முகத்தில் அழுத்திப் பொருத்தினால், குமிழின் மறுமுனை அறுகோணமாக அமைந்திருப்பதால், வழக்கமான ஸ்பானரை அதன்மேல் மாட்டித் திருகலாம். அந்தக் குமிழ்தான் மூன்றாவது சாவி.

சாவி என்று இதனை அழைப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. பார்வைக்குச் சாவியைப் போல் இராது. சாவிக் கொத்தில் கோக்கவும் முடியாது. உடைந்த கருவியொன்றின் துண்டு என்றே எண்ணத் தோன்றும். வீட்டைச் சுத்தம் செய்கையில் பழைய இரும்போடு சேர்த்து எறிந்துவிட்டவர்களும் உண்டு.

எங்கள் மகன் காரின் கையேட்டை எடுத்துப் பக்கம் புரட்டினான். சாவி, கருவித் தட்டில் வைக்கப்பட்டுள்ளது என்று கையேடு சொல்லிற்று. ஸ்டெப்னியின் நடுவே பொருந்தியிருந்த அந்தத் தெர்மாகோல் தட்டை எடுத்துப் பார்த்தோம். ஜாக்கிக்கு ஒரு குழி, ஸ்பானருக்கு ஒரு குழி, இழுவைக் கொக்கிக்கு ஒரு குழி. ஒவ்வொன்றிலும் அதற்குரிய பொருள் படுத்திருந்தது. ஓரத்தில் கட்டைவிரல் அளவில் இன்னொரு குழி இருந்தது. அது வெறுமையாக இருந்தது.

அப்பொழுதுதான் நினைவு வந்தது. நெடும் பயணம் ஆயிற்றே என்று, புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, மும்பையில் எங்கள் வீட்டருகே உள்ள ஒரு டயர் கடையில் சக்கரங்களை முன்பின்னாக மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்திருந்தோம். கடைப் பையன் தானே டிக்கியைத் திறந்து, தானே எதையோ எடுத்துக்கொண்டு போனான். நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். காற்றின் விசையால் சுழலும் துப்பாக்கிக் கருவியின் முனையில் அந்தக் குமிழைச் செருகி ஒவ்வொரு சக்கரமாக முடித்திருப்பான். நான்காவது சக்கரம் முடிந்ததும் குமிழ் கருவியிலேயே தங்கியிருக்கும். அடுத்த கார் வந்து நின்றிருக்கும். பிறகு விசாரித்ததில், இச்சாவிகள் தொலைவது பெரும்பாலும் இவ்வாறே என்று தெரிந்தது. திருடன் எடுத்துச் செல்வதில்லை. வீட்டில் தொலைவதும் குறைவு. வேலை பார்த்த கடையிலேயே தங்கிவிடுகிறது.

"சாவி தொலைஞ்சா பூட்டுக்காரனைக் கூப்பிட வேண்டியதுதானேப்பா?" என்றார் தாயார், இருட்டில் அமர்ந்தபடியே. அது எத்துணைச் சரியான யோசனை என்பது மறுநாள்தான் விளங்கியது.

சாவி இல்லாத நிலையில் செய்யத்தக்கன யாவை என்பதை நாங்கள் அந்த இளைஞரிடமும், பின்னர் மதுரைப் பட்டறையிலும் கேட்டு அறிந்தவாறு இங்கே கூறுகிறோம். முதலாவது, தொலைந்தது என்று முடிவு செய்யுமுன் நன்றாகத் தேடவேண்டும். கருவித் தட்டும் ஸ்டெப்னிக் குழியும் மட்டுமன்றி, முன்னிருக்கைக்கு எதிரே உள்ள பெட்டி, இரு இருக்கைகளுக்கு இடையே உள்ள அறை, கதவுப் பைகள், இருக்கையின் அடி, கையேட்டு உறை ஆகிய எல்லா இடங்களிலும் தேடவேண்டும். சில கார்களில் விற்பனையாளர் அதை ஒரு சிறு பிளாஸ்டிக் பையிலிட்டுக் கையேட்டுடன் சேர்த்தே கொடுத்திருப்பார். அப்பையை நாம் பிரித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

இரண்டாவது செய்தி மிகவும் ஆறுதல் அளிப்பது. இன்றைய கார்களின் டயர்கள் பெரும்பாலும் டியூப் இல்லாதவை. தரையில் படியும் பகுதியில் ஆணி ஏறியிருந்தால், சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. வண்டியைச் சற்று உருட்டி, ஆணி தென்படும்படி நிறுத்தி, அதைப் பிடுங்கி, அரத்தால் துளையைத் தேய்த்து, பசை தடவிய ரப்பர் நாடாவை ஊசியால் உள்ளே செலுத்திக் காற்றடைத்துவிடலாம். கால் மணி நேர வேலை. காரின் மின்துளையில் செருகி இயக்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றும் இந்த நாடாப் பெட்டியும் கைவசம் இருந்தால், பூட்டு நட்டின் சாவி தொலைந்தவர்களும் பத்தில் ஒன்பது முறை தப்பித்துவிடுவர் என்று அந்த இளைஞர் சொன்னார். காற்றழுத்தத்தை உணர்த்தும் கருவியும் பழுதுநீக்கும் பெட்டியும் டியூப் இல்லாத டயர்களும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று நடுவணரசு 2020ஆம் ஆண்டில் விதியைத் திருத்தியிருப்பதும் இதனால்தான் இயலுவதாயிற்று. ஆனால் டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் நாடா பயன்படாது. எங்களுடைய டயர் கிழிந்திருந்தது பக்கச் சுவரில், இரண்டு விரற்கடை நீளத்துக்கு.

மூன்றாவது, எண். ஒவ்வொரு நிறுவனமும் அளவிறந்த வடிவங்களைச் செய்வதில்லை. வரையறுத்த சில வடிவங்களையே செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் இடுகிறது. அக்குறி சாவியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் உடன் வரும் அட்டையிலும் அச்சாகியிருக்கும். அந்த எண் தெரிந்தால் புதிய சாவியைத் தருவித்துக்கொள்ளலாம். சாவியின் மேல் உள்ள எண், சாவி தொலைந்தபின் யாருக்குப் பயன்படும் என்று எங்கள் இல்லத்தரசி கேட்டார். நியாயமான கேள்வி. கையில் இருக்கும்போதே குறித்துவைத்தவர்களுக்குத்தான் பயன்படும். குறித்துவைக்காதவர்கள் அந்நிறுவனத்தின் பட்டறைக்குச் செல்லவேண்டும். அங்கே எல்லா வடிவங்களும் அடங்கிய சாவித் தொகுதி ஒன்று இருக்கக்கூடும்; ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து உரியதைக் கண்டுபிடித்துவிடுவர். கடையில் தனியே வாங்கிப் பொருத்திய நட்டாக இருந்தால் இந்த வழி அடைபட்டுப் போகும்.

எஞ்சியது பலவந்தம் ஒன்றே. அதற்கான கருவி அந்த இளைஞரிடம் இல்லை. நெடுஞ்சாலை உதவிக்கான 1033 என்னும் எண்ணை அழைத்தோம். மீட்பு வண்டி வந்து காரைச் சிரா வரையில் சேர்த்தது. சீர்ப் பொருள்களை மீண்டும் ஏற்றி, விடுதி அறையில் மீண்டும் இறக்கி, நாங்கள் படுக்கும்போது மணி ஒன்று. யாருக்கும் உறக்கம் வரவில்லை. தமக்கையாருக்கு மட்டும் எதுவும் சொல்லவில்லை. 'தும்கூரில் தங்கியிருக்கிறோம்' என்று ஒரு பொய் சொன்னோம்.

காலை ஏழு மணிக்கு அந்த இளைஞர் தம்முடன் முதியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். பெரியவர் தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து, நட்டின் தலையை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சுலபமா வராது, பொறுமை வேணும்," என்றார். நட்டின் தலையைவிடச் சற்றே சிறிய சாக்கெட் ஒன்றை அதன்மேல் வைத்துச் சுத்தியலால் அறைந்து ஏற்றி, அது கவ்விய பின் திருகுவது வழக்கமான முறை. உட்புறத்தில் திருகு பற்கள் அமைந்த சாக்கெட்டுகள் இதற்கெனவே விற்கின்றன. திருப்பத் திருப்ப அவை இன்னும் ஆழமாகக் கவ்வும். ஆனால் எங்கள் நட்டைச் செய்தவரும் இந்தச் சூழ்ச்சியை அறிந்தவர்தாம். தலையைச் சுற்றித் தளர்வான வளையம் ஒன்றை மாட்டியிருந்தார். சாக்கெட் கவ்வியது அந்த வளையத்தை, வளையம் தன்னந்தனியே சுழன்றது, நட்டு அசையவில்லை. திருடனைத் திகைக்கச் செய்வதற்காக எண்ணிய எண்ணம் எவ்வளவு நேர்த்தியானது என்று, வேறொரு நாளாக இருந்தால் வியந்திருப்போம்.

பெரியவர் அந்த வளையத்தை உளியால் பிளந்து எடுப்பதற்கே ஒன்றரை மணி நேரமாயிற்று. அலாய் சக்கரத்தின் நட்டுக் குழி மிகக் குறுகலானது. உளி சற்று வழுக்கினாலும் சக்கரம் வடுப்படும். வடுவும் பட்டது, இன்றும் இருக்கிறது. வளையம் போனபின் சாக்கெட்டை மீண்டும் அறைந்தார், வழுக்கிற்று. இறுதியில் நட்டின் முகத்தில் ஒரு பழைய நட்டை வைத்து வெல்டிங் செய்து ஒட்டினார். அதற்கு முன்பாகக் காரின் பேட்டரி இணைப்பைக் கழற்றவும், சக்கரத்தைச் சுற்றி ஈரச் சாக்குப் போடவும் அவர் மறக்கவில்லை. நல்ல டயர் பொருந்திய சக்கரமாக இருந்தால் வெல்டிங் வைக்கவே மாட்டேன், சூட்டில் டயர் கெடும் என்றும் சொன்னார். ஒட்டிய நட்டில் ஸ்பானரை மாட்டி, முழு உடல் எடையையும் சாய்த்து அவர் திருகியபோது, துப்பாக்கி வெடித்தாற்போன்ற ஓசையுடன் பூட்டு நட்டு இளகியது. மணி பதினொன்றரை.

அவர் கேட்டது 1,800 ரூபாய். கொடுத்தோம். "மத்த மூணும்?" என்று அவர் கேட்டார். மற்ற மூன்று சக்கரங்களும் பூட்டியபடியே இருக்கின்றன என்பது அப்போதுதான் எங்கள் நெஞ்சில் தைத்தது. அவற்றையும் கழற்றப் புகுந்தால் அன்று இரவாகிவிடும். வேண்டாம் என்று புறப்பட்டோம்.

சிராவிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 550 கிலோமீட்டர். எங்கள் ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிட அளவில் சிறியது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது என்று அதன்மேலேயே மஞ்சள் தாளில் அச்சிட்டு ஒட்டியிருந்தது. பெங்களூரைக் கடப்பதற்குள்ளே பிற்பகல் மூன்று மணியாகிவிட்டது. சாலையில் கிடந்த ஒவ்வொரு கல்லும் எங்களுக்கு ஆணியாகவே தோன்றியது. மாலை ஏழு மணிக்கு நாங்கள் நாமக்கல்லைக்கூடத் தொடவில்லை. அப்போதுதான் தமக்கையாரிடம் உண்மையைச் சொன்னோம். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. "சரி தம்பி, மெதுவா வாங்க," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

திண்டுக்கல்லைக் கடக்கையில் தாயார் விழித்துக்கொண்டு, "இங்கன உள்ள பூட்டுக்கடைக்காரங்களைக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல திறந்திருப்பாங்க," என்றார். திண்டுக்கல் பூட்டு புகழ் பெற்றது. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. எங்கள் பாட்டனார் வீட்டு நெல் அறைக்கு மாங்காய் வடிவப் பூட்டுத்தான் இருந்தது. அதன் சாவி தாயாரின் இடுப்பிலிருந்து இறங்கி நாங்கள் பார்த்ததில்லை. சாவியைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகும் வழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை.

மண்டபத்தை அடைந்தபோது இரவு பத்தரை. மாப்பிள்ளை வீட்டார் உண்டு உறங்கப் போய்விட்டனர். மேளக்காரர்கள் கருவிகளை உறையிலிட்டுக் கட்டிவிட்டார்கள். தமக்கையார் மட்டும் வாயில் படியில், சீர் வாங்கும்போது உடுத்தவேண்டிய புடவையிலேயே அமர்ந்திருந்தார். தட்டுகளை ஏந்தி உள்ளே போனோம். பெண் உறக்கக் கண்களுடன் எழுந்து வந்து மாலையை ஏற்றுக்கொண்டாள். முறை நடந்தேறியது. ஆனால் சபையறிய வாங்கவேண்டிய சீரை ஆளில்லாக் கூடத்தில் வாங்கினேனே என்னும் குறை தமக்கையாருக்கு இன்னும் ஆறவில்லை. அவர் வெளிப்படச் சொல்வதில்லை. திருமணப் படத்தொகுப்பைப் புரட்டும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் விரைந்து தள்ளிவிடுகிறார்.

திருமணம் முடிந்த இரண்டாம் நாள், மதுரையில் அந்தக் காருக்குரிய பட்டறையில் விட்டோம். சாவித் தொகுதியைக் கொண்டுவந்து பதினோராவது சாவியில் மூன்று நட்டுகளையும் கழற்றிவிட்டார்கள். இருபது நிமிடம்தான் ஆயிற்று. புதிய சாவி தருவிக்கலாமா, நான்கையும் சாதாரண நட்டுகளாக மாற்றிவிடலாமா என்று கேட்டார்கள். மாற்றிவிடுங்கள் என்றோம். எங்கள் கார் இரவில் நிற்பது காவலாள் உள்ள அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில். கைதேர்ந்த திருடனிடம் திருகு பற்கள் கொண்ட சாக்கெட் இல்லாமல் இராது. பூட்டு நட்டு அவனைச் சிறிது தாமதப்படுத்தலாம். எங்களை ஒரு நாள் முழுவதும் தாமதப்படுத்தியது. தெருவோரத்தில் வண்டி நிறுத்துவோர் வேறு முடிவுக்கு வரக்கூடும். அதில் எங்களுக்கு வாதமில்லை.

மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. நட்டு எல்லாம் ஒன்றே என்று எண்ணிக் கடையில் கிடைத்ததை வாங்கிவிடலாகாது. 12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நட்டிலேயே மரைகளுக்கு இடைவெளி 1.25 மில்லிமீட்டர் என்றும் 1.5 மில்லிமீட்டர் என்றும் இரு வகை உண்டு. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. தவறானதை ஏற்றினால் மரை அழிந்துபோகும். நட்டு சக்கரத்தில் படியும் அடிப்பகுதியும் கூம்பு வடிவிலோ உருண்டை வடிவிலோ இருக்கும்; சக்கரத்தின் குழிக்கு ஏற்றதாக இல்லாவிட்டால், இறுக்கியது போலத் தோன்றி ஓட்டத்தில் தளரும். சில கார்களில் நட்டுக்குப் பதிலாகப் போல்ட்டு இருக்கும்; அதில் நீளமும் பார்க்கவேண்டும்.

சாவியை வைத்துக்கொள்ளும் அன்பர்களுக்குப் பட்டறைக்காரர் சொன்ன சிலவற்றையும் சேர்க்கிறோம். காற்றுத் துப்பாக்கியில் சாவியைச் செருகவிடலாகாது. அதன் அதிர்ச்சியில் சாவியின் மெல்லிய வரம்புகள் உடைந்துவிடும். உடைந்த சாவியும் தொலைந்த சாவியும் ஒன்றே. கையால் திருகும் ஸ்பானரையே பயன்படுத்தச் சொல்லவேண்டும். சாவியை நட்டின் முகத்தோடு நேராக அழுத்திப் பிடித்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே முதல் கால் சுற்றைத் தளர்த்திவிட்டு, அதன்பின் ஜாக்கியை ஏற்றவேண்டும். இறுக்கும் அளவு கையேட்டில் இருக்கும். பல சிறு கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நின்று இறுக்கும் கடைகளில் நட்டுக்கும் கேடு, சாவிக்கும் கேடு. பழைய கார் வாங்குவோர் பதிவுச் சான்றையும் காப்பீட்டுத் தாளையும் கேட்டு வாங்குவது போல இதனையும் கேட்டு வாங்கவேண்டும். ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள், டிக்கியில் பெட்டிகளை அடுக்குவதற்கு முன்பு, தட்டைத் திறந்து ஒருமுறை கண்ணால் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். சாவியின் மேல் உள்ள குறியைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்வதற்கு இன்னும் அரை நிமிடம்.

மும்பைக்குத் திரும்பிய மறுவாரம், வேலை பார்த்த அந்த டயர் கடைக்குச் சென்றோம். சண்டையிடும் எண்ணத்துடன்தான் சென்றோம் என்பதை மறைக்கவில்லை. கடைக்காரர் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு ஒன்றும் பேசாமல் மேசைக்கு அடியில் குனிந்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றை எடுத்து எங்கள் முன்னே வைத்துத் திறந்தார். உள்ளே இருபதுக்குக் குறையாத குமிழ்கள் கிடந்தன. சிலவற்றின் முகத்தில் நட்சத்திர வடிவம், சிலவற்றில் அலை, சிலவற்றில் பற்கள். எங்கள் மகன், பெரியவர் கழற்றித் தந்த நட்டின் சிதைந்த தலையைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, எங்களுடையதைக் கண்டுபிடித்தான். மற்றவை யாருடையவை என்று கேட்டோம். தெரியாது என்றார் கடைக்காரர். யாரும் தேடி வருவதில்லை என்றும் சொன்னார். பின்னர்ப் பெட்டியை மூடி, முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.